கட்டிலோர வைத்தியம்

பக்கவாதம் வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த பெரியவர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கிற டிஸ்சார்ஜ் சம்மரியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பிரஷர் மாத்திரை காலையில் ஒன்று, ரத்தம் உறையாமலிருக்க மதியம் ஒன்று, கொழுப்புக்கு இரவில் ஒன்று, இரண்டு வாரம் கழித்து வந்து காட்டவும் என்று எல்லாம் தெளிவாக எழுதியிருக்கும். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோன ஆளை எப்படிப் புரட்டுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது, கஞ்சி கொடுக்கும்போது தலையை எப்படி வைக்க வேண்டும், சிறுநீர்க் குழாயோடு குளிப்பாட்டலாமா என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் இருக்காது. மாத்திரைகள் அத்தனையையும் கொடுத்து முடிக்க நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். மற்ற நேரமெல்லாம் அவரோடு இருக்கப்போகிற மனைவிக்கோ மகளுக்கோ மருமகளுக்கோ யாரும் எதையும் செய்து காட்டுவதில்லை. 'நல்லா பார்த்துக்கோங்க' என்ற ஒரு வாக்கியத்தோடு ஆம்புலன்ஸ் கிளம்பிவிடுகிறது.

அந்த 'நல்லா பார்த்துக்கிறது' என்ன வேலை என்பதை நாம் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைக்கிறேன். குளிப்பாட்டுவது, வாய் கழுவிவிடுவது, உட்காரவைத்து ஊட்டுவது, மலஜலம் எடுப்பது, புரட்டிப் படுக்கவைப்பது ஆகியவற்றைப் பாசம் என்கிறோம், கடமை என்கிறோம், புண்ணியம் என்கிறோம். வைத்தியம் என்று மட்டும் சொல்வதில்லை. சொல்லாததால் கற்றுக்கொடுப்பதில்லை. கற்றுக்கொடுக்காததால், நோயால் வர வேண்டிய துன்பத்துக்கு மேல், வராமல் தடுத்திருக்கக்கூடிய துன்பமும் நம் வீட்டுப் பெரியவர்கள் மேல் ஏறுகிறது. இது ஒன்றிரண்டு வீடுகளின் பிரச்சினையும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2031இல் இது 18.2 சதவீதமாகும் என்று மத்திய அரசின் கணிப்பு சொல்கிறது. அதாவது ஆறு பேரில் ஒருவருக்கும் மேல். அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவர் குழுவினரும் 1963இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். குளியல், உடை உடுத்தல், கழிப்பறைக்குப் போய்வருதல், எழுந்து இடம் மாறுதல், மலஜலத்தை அடக்கும் திறன், சாப்பிடுதல் என்ற ஆறையும் ஒருவர் தானே செய்துகொள்கிறாரா என்று பார்ப்பதுதான் அது. முதியோர் மருத்துவத்தில் இன்றைக்கும் அதை வைத்து ஒருவரின் நிலையை மதிப்பிடுகிறார்கள். மருத்துவம் அளந்து பார்க்கிற அதே ஆறு காரியங்களில் கை கொடுக்கிறவரை மருத்துவத்துக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள்வோம். அசையாமல் படுத்திருப்பவரின் உடல் எடை முழுவதும் சில எலும்பு முனைகளின் மேல் இறங்குகிறது. மல்லாக்கப் படுத்தால் வால் எலும்புக்கு மேலும் குதிகாலிலும், ஒருக்களித்தால் இடுப்பின் பக்கவாட்டு எலும்பிலும் கணுக்காலிலும். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கும் சதைக்கு ரத்தம் போவது நின்றுவிடும். நமக்கு இப்படி ஆனால் தூக்கத்திலேயே புரண்டு படுத்துவிடுகிறோம். அவருக்கு அது முடியாது. முதலில் தோலில் ஒரு தடம் விழும். விரலால் அழுத்தினால் நிறம் வெளுத்துத் திரும்ப வேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் உள்ளே சேதம் ஆரம்பித்துவிட்டது என்று பொருள். பாடப் புத்தகங்கள் சிவப்பைத் தேடச் சொல்கின்றன. நம்முடைய கறுத்த, மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தைவிட அந்த இடம் மட்டும் சூடாகவோ, இறுகியோ, பொதபொதவென்றோ இருந்தால் அதுதான் அறிகுறி. இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்து அந்த இடத்தில் எடை படாமல் பார்த்துக்கொண்டால் புண் வராமலே போகக்கூடும். தவறவிட்டால் எலும்பு தெரியும் அளவுக்குக் குழி விழுந்து, மாதக்கணக்கில் கட்டுப் போட்டு, கிருமி ரத்தத்தில் கலந்து உயிர் போவதும் உண்டு. பல வீடுகளில் நல்லெண்ணத்தோடு செய்கிற காரியங்களே இங்கே கெடுதல் செய்கின்றன. கன்றிய இடத்தில் பவுடர் போட்டு அழுத்தித் தேய்ப்பார்கள். ஏற்கெனவே நசுங்கிய சதையை அது இன்னும் நசுக்கும். வளையம்போல் நடுவில் ஓட்டையுள்ள தலையணை வைப்பார்கள். அதன் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவிலுள்ள இடத்துக்கு ரத்தம் போவதைக் குறைக்கும். கட்டிலில் கீழே சரிந்துவிட்டவரை அக்குளில் கைகொடுத்து மேலே இழுப்பார்கள். தோல் மெத்தையில் ஒட்டிக்கொண்டு நிற்க, எலும்பு மட்டும் நகர, இரண்டுக்கும் நடுவிலுள்ள சதை கிழியும். அடியில் ஒரு பெட்ஷீட்டை மடித்துப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். முழுவதுமாகப் பக்கவாட்டில் திருப்பாமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துக் கொஞ்சமாகச் சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு தலையணை வைத்தால் குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும். இவ்வளவும் செய்து காட்ட கால் மணி நேரம் ஆகும். இதே பாடத்தில் இன்னொன்றும் சேரும். விழுந்துபோன கையைப் பிடித்து ஒருபோதும் தூக்கக் கூடாது. பிடிமானம் இழந்த தோள்மூட்டு நழுவி, பிறகு தொட்டாலே அலறும் வலி வந்துவிடும்.

அடுத்தது வாய். பக்கவாதம் வந்தவர்களிலும் மறதிநோய் முற்றியவர்களிலும் பலருக்கு விழுங்கும் தசைகள் தளர்ந்துவிடும். புரை ஏறுகிறது என்று நாம் சாதாரணமாகச் சொல்வது அவர்கள் விஷயத்தில் சாதாரணமானதல்ல. மூச்சுக்குழாயில் இறங்கும் கஞ்சியும் எச்சிலும் நுரையீரலில் போய் நிமோனியா ஆகிறது. சிலருக்கு இருமல்கூட வராமல் அமைதியாக இறங்கிவிடும். சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் கரகரத்தால் அதுவே எச்சரிக்கை. படுத்தபடியே தலையை அண்ணாத்தி வாயில் ஊற்றுகிற பழக்கம் நம் வீடுகளில் மிக அதிகம். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு வாய் இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுத்து, சாப்பிட்டு முடித்து அரை மணி நேரமாவது படுக்கவிடாமல் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. இதில் பல் துலக்குவதற்கு என்ன பங்கு என்று தோன்றலாம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இருந்த 417 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சாப்பாடு முடிந்த ஒவ்வொரு முறையும் பராமரிப்பவர்களே பல் துலக்கிவிட்டார்கள். மற்றவர்கள் வழக்கம்போல விடப்பட்டார்கள். 2002இல் வெளியான முடிவின்படி, வழக்கம்போல விடப்பட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. பல் துலக்கிவிடப்பட்டவர்களில் 11 சதவீதம். எந்தப் புது மருந்தும் இல்லை, ஊசி இல்லை. வாயிலுள்ள கிருமி குறைந்ததால் நுரையீரலுக்குள் நழுவிய எச்சிலில் விஷம் குறைந்தது, அவ்வளவுதான். இதே பலனை ஒரு மாத்திரை தந்திருந்தால் ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதன் பெயர் இருந்திருக்கும்.

தண்ணீர் இன்னொரு கதை. எழுந்து நடக்கச் சிரமப்படும் வயதான பெண்கள் பலர் மாலைக்குமேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். ராத்திரியில் பாத்ரூம் போக யாரையும் எழுப்ப வேண்டாமே என்ற எண்ணம்தான் காரணம். வெளியே சொல்லவும் மாட்டார்கள். நீர் குறைந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கிக் கிறுகிறுத்து விழுதல் என்று ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்காமலே போகலாம். திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, பகலில் தூங்கி இரவில் பிதற்றுவது என்று மூளைக் குழப்பமாகத்தான் அது தலைகாட்டும். 'வயசாச்சு, புத்தி பிசகிடுச்சு' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். இந்தக் குழப்பத்தை அன்றாடக் கவனிப்பால் தடுக்க முடியுமா என்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் ஷரோன் இனோயே ஆராய்ந்தார். ஆஸ்பத்திரியில் சேர்ந்த 70 வயதுக்கு மேற்பட்ட 852 பேரில் ஒரு பகுதியினருக்குச் சில எளிய காரியங்கள் ஒழுங்காகச் செய்யப்பட்டன. கண்ணாடியையும் காதுக் கருவியையும் எடுத்து மாட்டிவிடுவது, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று பேசி நினைவூட்டுவது, நேரத்துக்குத் தண்ணீர் கொடுப்பது, எழுப்பி நடக்கவைப்பது, இரவில் சத்தத்தைக் குறைத்துத் தூங்கவிடுவது. 1999இல் வெளியான முடிவில், குழப்பம் வந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம், இந்தக் கவனிப்பில் 9.9 சதவீதம். கண்ணாடியை மேஜையிலிருந்து எடுத்து மூக்கில் வைப்பதும் சிகிச்சைதான் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதையெல்லாம் கேட்டால் பலருக்கும் முதலில் வருகிற மறுப்பு ஒன்று உண்டு. நம் பாட்டிமார்கள் எந்த வகுப்புக்குப் போனார்கள், அவர்கள் மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்ளவில்லையா? பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் பார்த்துக்கொண்டது வேறு காலத்து நோயாளியை. பெரிய பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ வந்தவர்கள் அன்று பல நேரம் சில வாரங்களில் போய்விட்டார்கள். இன்று மூக்கில் ரைல்ஸ் டியூப், கட்டிலோரம் யூரின் பேக், ஒரு நாளைக்கு இரண்டு இன்சுலின் ஊசி என்று ஐந்து ஆண்டு, எட்டு ஆண்டு வீட்டில் இருக்கிறார்கள். சாப்பிட மறுத்த நாளில் வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுவிட்டால் சர்க்கரை இறங்கி நினைவு தப்பும் என்பது பாட்டியின் அனுபவத்தில் இருக்க நியாயமில்லை. அன்று ஒரு கூரைக்குள் பார்த்துக்கொள்ள நான்கு பெண்கள் இருந்தார்கள். இன்று பெரும்பாலும் ஒருவர்தான், அவரும் வேலைக்குப் போகிறவர். இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். நம் பண்பாடு முதியோரைக் கைவிடாது என்று மேடையில் சொல்கிறோம். தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில் படுக்கையில் விழுந்த முதியவர்களின் உயிரை முடித்த வழக்கம் 2010 வாக்கில் விருதுநகர் மாவட்டத்திலிருந்து செய்தியாக வெளிவந்து நாட்டையே உலுக்கியது. அதைச் செய்தவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் கூலி வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீட்டில், புண்ணோடும் நாற்றத்தோடும் ஒரு பெரியவர் கிடக்க, கை கொடுக்க ஒருவரும் வராத நிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் அது காட்டியது. பாசம் மட்டும் அந்தச் சுமையைத் தாங்கிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

பாசமே சில நேரம் தடையாகிவிடுவதும் உண்டு. அப்பா சிரமப்படக் கூடாது என்று எல்லாவற்றையும் நாமே செய்துவிடுகிறோம். சட்டைப் பொத்தானைத் தானே போட அவருக்குப் பத்து நிமிடம் ஆகும், நாம் போட்டுவிட்டால் அரை நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் விரல்களுக்குக் கிடைக்கும் பயிற்சியை எந்தப் பிசியோதெரபிஸ்டும் வந்து தர முடியாது. 1935இல் லண்டனுக்கு மேற்கே ஒரு பழைய ஏழையர் மருத்துவமனையின் 700க்கும் மேற்பட்ட நோயாளிகள் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரின் பொறுப்பில் வந்தார்கள். அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே வைக்கப்பட்டிருந்தவர்கள். அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். யாருக்கு என்ன முடியும் என்று பார்த்து, எழுப்பி உட்காரவைத்து, தானே உடுத்தவும் நடக்கவும் பழக்கினார். எழவே மாட்டார்கள் என்று கைவிடப்பட்ட பலர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். முதியோர் மருத்துவம் என்ற துறையே பிரிட்டனில் அந்த வார்டுகளிலிருந்துதான் தொடங்கியது. எதைச் செய்துவிட வேண்டும், எதைச் செய்யாமல் பக்கத்தில் நின்று காத்திருக்க வேண்டும் என்று பிரித்தறிவதும் இந்தத் தொழிலறிவில் ஒரு பகுதி.

தொழிலறிவு என்று வேண்டுமென்றே சொல்கிறேன். ஏஜென்சி மூலம் 'ஹோம் நர்ஸ்' என்ற பெயரில் வருகிறவர்களில் பலர் நர்ஸிங் படித்தவர்கள் இல்லை. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வேலை தேடி வந்த பெண்கள். 12 மணி நேர டியூட்டி, சில இடங்களில் 24 மணி நேரமும் அங்கேயே தங்கல். கற்றுக்கொண்டதெல்லாம் முந்தைய வீட்டில் செய்து பழகியதுதான். வீட்டுக்காரர் கொடுக்கும் பணத்தில் ஏஜென்சியின் பங்கு போக மீதிதான் அவர் கைக்கு வரும். சாப்பாட்டுத் தட்டைத் தனியாக வைக்கும் வீடுகளும் இருக்கின்றன. இந்த வேலைக்கு மதிப்பில்லாமல் போனதற்கு வெகுகாலமாக வருகிற ஒரு காரணம் உண்டு. இன்னொருவரின் மலத்தைத் தொடும் கையைத் தாழ்ந்த கை என்று சாதி நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. வீட்டுக்குள் அந்த வேலை பெண்ணின் தலையிலும், வெளியே ஏழைப் பெண்ணின் தலையிலும் வந்து விழுவது இதனால்தான். டயப்பர் மாற்றும்போது மலத்தின் நிறத்தையும், யூரின் பேக்கைக் காலி செய்யும்போது அளவையும் கலங்கலையும் கவனித்து டாக்டருக்குச் சொல்கிற கை அது. அந்தப் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிட வேண்டும், தூக்கிக் கட்டிலில் வைத்தால் சிறுநீர் பின்னோக்கிப் போய்த் தொற்றாகும் என்று தெரிந்த கைக்கும் தெரியாத கைக்கும் ஒரே கூலி கொடுப்பதும் தவறு, தெரியாமலே விட்டுவைப்பது அதைவிடப் பெரிய தவறு.

டாக்டருக்கும் நர்ஸுக்கும் இருக்கிற கூட்டத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். அரசு மருத்துவமனை வார்டைப் பார்த்த யாரும் அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் இதைக் கற்றுக்கொடுக்க டாக்டர்தான் வேண்டும் என்பதில்லை. பக்கத்து மாநிலமான கேரளத்தில் அது நடந்துகொண்டிருக்கிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் வலிநிவாரணத்துக்காக ஆரம்பித்த அமைப்பு, பிறகு மலப்புரம் போன்ற மாவட்டங்களில் ஊர்க்காரர்களே நடத்தும் வலைப்பின்னலாக வளர்ந்தது. வாரம் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய ஆசிரியர்களும் கடைக்காரர்களும் மாணவர்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு, நர்ஸோடு வீடுவீடாகப் போனார்கள். 2008இல் கேரள அரசு அதற்கென்று கொள்கையே வகுத்தது. நம்மிடமும் அடித்தளம் இல்லாமலில்லை. வி.எஸ். நடராஜன் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் 2024இல் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசின் திட்டம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு பிசியோதெரபியையும் படுக்கை நோயாளிகளுக்கான செவிலியர் கவனிப்பையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. அது பெரிய காரியம். ஆனால் வந்த செவிலியர் கட்டு மாற்றிவிட்டுப் போன பிறகு, அடுத்த முறை வரும்வரை அந்தக் கட்டிலருகே நிற்பது வீட்டாள்தான். செவிலியர் வரும் நேரத்தில் பாதியை அந்த வீட்டாளின் கைக்குப் பழக்கம் கொடுக்கச் செலவிட வேண்டும் என்பதை ஒரு விதியாகவே ஆக்கலாம். வார்டிலும் அப்படித்தான். டிஸ்சார்ஜுக்கு முந்தைய இரண்டு நாட்களில் புரட்டுவதையும் ஊட்டுவதையும் உறவினரே செய்ய, நர்ஸ் பக்கத்தில் நின்று திருத்தினால் நர்ஸின் வேலை கூடாது, கொஞ்சம் குறையவும் கூடும்.

பணம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஜப்பான் 2000ஆம் ஆண்டிலிருந்து 40 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரிடமும் சந்தா வாங்கி, முதுமைக் கவனிப்புக்கென்றே காப்பீடு நடத்துகிறது. அந்த அளவுக்கு நாம் போக நாளாகும். ஆனால் ஆழமான ஒரு படுக்கைப் புண்ணுக்கு மாதக்கணக்கில் ஆகும் கட்டுத்துணி, ஆண்டிபயாட்டிக், மறுபடி ஆஸ்பத்திரிச் செலவு, வீட்டாளின் வேலை இழப்பு இவற்றோடு ஒப்பிட்டால் பயிற்சிக்கு ஆவது சொற்பம்.

எனக்கு உண்மையிலேயே கனமாகத் தோன்றும் ஆட்சேபம் வேறொன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று பல ஏடுகள் சொல்கின்றன. பகலில் சரி, இரவில் ஒரே ஒரு ஆள் அதை எத்தனை நாள் செய்ய முடியும்? ஒரு மாதத்தில் அவரும் படுத்துவிடுவார். சட்டமாகச் சொல்லப்படும் அறிவுரை, செய்ய முடியாதவரைக் குற்றவாளியாக்குகிறது. பிறகு அவர் புரட்டுவதையே விட்டுவிடுகிறார். இதற்கும் ஆய்வுதான் வழி காட்டியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் இல்லங்களில் புண் வரும் அபாயமுள்ள 942 பேரை இரண்டு, மூன்று, நான்கு மணி நேர இடைவெளிகளில் புரட்டி மூன்று வாரம் கவனித்தார்கள். எல்லோரும் படுத்திருந்தது அடர்த்தியான நல்ல ஃபோம் மெத்தையில். ஒவ்வொரு முறை புரட்டும்போதும் தோலைப் பார்த்தார்கள், ஈரத்தைத் துடைத்தார்கள். 2013இல் வெளிவந்த முடிவில் மூன்று பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அமுங்கிப்போன இலவம்பஞ்சு மெத்தைக்கும், ஏற்கெனவே தடம் விழுந்த தோலுக்கும் இது பொருந்தாது. யாருக்குப் பொருந்தும் என்று பார்த்துச் சொல்லத்தான் செவிலியர் வேண்டும். பொருந்துகிற வீட்டில் இரவு பத்து மணிக்கு ஒரு பக்கம், இரண்டு மணிக்கு மறுபக்கம், காலை ஆறு மணிக்கு மல்லாக்க. நடுவில் இரண்டு தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம், அவரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் தூங்கலாம்.